பட்டியலில் இல்லாத பிள்ளை

“அவளும் எங்கட தமிழ்ப் பொம்பிளைதானே? ஒரு கரண்டி போட்டிருந்தா கை தேய்ஞ்சு போயிருக்குமே?”

விமலராணி வெங்காயம் வெட்டிய வேகத்தைப் பார்த்து, கணவன் கஜதீபன் கொஞ்சம் தள்ளியே நின்றான்.

“மெல்லக் கதையுமப்பா. பிள்ளை உள்ளுக்குள்ள இருக்கிறாள்.”

“கேக்கட்டும். அவளுக்கு நடந்ததைத்தானே கதைக்கிறன்.”

நடந்தது இதுதான்.

அவர்கள் புலம்பெயர்ந்து வந்த கோல்டிங் நகரில், மகள் டிலக்ஷி மூன்றாம் வகுப்புப் படிக்கும் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சுடச்சுடச் சாப்பாடு உண்டு. முன்கூட்டியே பணம் கட்டிப் பதிந்தவர்களுக்கு மட்டும். அவர்கள் கன்ரீனில் நீட்டு மேசையில் இருந்து சாப்பிடுவார்கள். மற்றப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுபோன பாண் ரொட்டியை வகுப்பறையிலேயே சாப்பிட வேண்டும்.

கோடை விடுமுறை வரைக்கும் டிலக்ஷியும் அந்த மேசைக்காரிதான். பிறகு கஜதீபன் வேலை செய்த தொழிற்சாலையில் ஆள் குறைத்தார்கள்; அவனுடைய வேலையும் போயிற்று. டிலக்ஷியின் பெயரும் பட்டியலிலிருந்து போயிற்று.

இன்று அவள் தன் உயிர்ச் சிநேகிதி ஃப்ரையாவுக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றிருக்கிறாள். தட்டும் எடுத்துவிட்டாள்.

பரிமாறியது அமலராணி. ஆகஸ்டில்தான் சில்க்போர்க் நகரிலிருந்து மாறி வந்து, அந்தச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தவள்.

“பிள்ளை, உங்கட பேர் இதில இல்லையம்மா. தட்டை வச்சிட்டு வகுப்புக்குப் போங்கோ” என்று தமிழில் சொல்லியிருக்கிறாள்.

“தமிழில சொன்னபடியால ஒருத்தருக்கும் விளங்கேல்லை அம்மா” என்று டிலக்ஷி தாய்க்குச் சமாதானம் சொன்னாள். “வயித்துக்குத்து எண்டு ஃப்ரையாவிட்டச் சொல்லிப்போட்டு வந்திட்டன்.”

அந்தச் சமாதானம்தான் விமலராணியைக் கொன்றது.

“நகரசபைக் கொம்மூனுக்கு ஒருக்கா எழுதி உதவி கேட்டுப் பாப்பமே?” என்றான் கஜதீபன்.

“எழுதினா நாளைக்கு வகுப்பு முழுக்கத் தெரியும். சும்மா இரும்.”

சாப்பிட உட்கார்ந்தபோது டிலக்ஷி சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

“அம்மா, ஃப்ரையா இன்னும் தனக்குப் பக்கத்துக் கதிரையில பையை வச்சு எனக்கு இடம் பிடிக்கிறவள். கதவால போகேக்க நான் பாக்கிறனான்.”

விமலராணி அவளுடைய சோற்றில் இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டாள்.

“எனக்கு அந்தச் சாப்பாடு வேண்டாம். அந்தக் கதிரையில இருந்து என்ர பாணைச் சாப்பிட விடுவினமே? நீங்கள் ஒருக்காக் கேட்டுப் பாப்பீங்களே?”

மறுநாள் முதியோர் இல்லத்தில் வேலை முடிந்ததும் விமலராணி நேரே பள்ளிக்கூடத்துச் சமையலறைக்குத்தான் போனாள். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை.

அங்கே அமலராணி, மிஞ்சிய கோழியையும் பாஸ்தாவையும் தட்டத்திலிருந்து குப்பை வாளிக்குள் வழித்துக்கொண்டிருந்தாள்.

விமலராணி வாளிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“கொட்டத்தானே போறீங்கள்? அதில ஒரு கரண்டி என்ர பிள்ளைக்குப் போட்டா என்ன?”

அமலராணி நிமிர்ந்தாள். வந்தவள் யாரென்று முகச்சாயல் காட்டிக்கொடுத்தது.

“டிலக்ஷியின்ர அம்மாவே? இருங்கோ அக்கா.”

“இருக்க வரேல்லை.”

“மிஞ்சினதை ஆருக்கும் குடுக்கக் கூடாது எண்டு எங்களுக்குச் சொல்லியிருக்கினம் அக்கா.”

“நேற்று அவள் மிஞ்சினதைக் கேட்டு வரேல்லை. தட்டோட வரிசையில நிண்டவள்.”

அமலராணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஓம் அக்கா, நிண்டவள். அவளின்ர வகுப்பில பாண் கொண்டுவாற பிள்ளையள் ஆறு பேர். ஒரு தமிழ்ப்பிள்ளைக்கு மட்டும் நான் களவாப் போட்டா மற்ற அஞ்சும் என்ன செய்யும்? அதுகளுக்குப் போட இங்க ஆர் இருக்கினம்?”

“நியாயம் கதைக்கிறது சுகம்” என்றாள் விமலராணி. “தட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற பிள்ளையைப் பாத்துப் போ எண்டு சொல்ல எல்லாருக்கும் வாய் வராது.”

அமலராணி வாளியின் மூடியைச் சாத்திவிட்டு, வெறும் தட்டத்தைத் தண்ணீருக்குக் கீழே பிடித்தாள்.

விமலராணி அப்போதும் விடவில்லை.

“சுவருக்கு இந்தப் பக்கம் சட்டி சட்டியாச் சாப்பாடு. அந்தப் பக்கம் பெத்த பிள்ளை வெறும் பாணோட. ஒரு தாய்க்கு அது எப்பிடியிருக்கும் எண்டு உங்களுக்கு எங்க விளங்கப்போகுது?”

தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது.

பின்கதவு திறந்தது. மழையில் நனைந்த ஜக்கெற்றும் புத்தகப் பையுமாக அதே பள்ளிக்கூடத்துச் சிறுமி ஒருத்தி உள்ளே வந்தாள். டிலக்ஷியை விட இரண்டு வயது கூட இருக்கும். விமலராணியைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்துவிட்டு, பைக்குள்ளிருந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து அமலராணியிடம் நீட்டினாள். உள்ளே ஒரு கடி மட்டும் கடித்த பாண் அப்படியே கிடந்தது.

“கோவிக்காதேங்கோ அம்மா” என்றாள். “நீங்கள் கோழி சமைக்கிற நாளில எனக்குப் பாண் இறங்குதில்லை.”