யாரும் கை வைக்கக் கூடாது

விபத்து நடந்ததும் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் செய்கிறவர்களில் பாதிப் பேர் அழுவார்கள், மீதிப் பேர் திட்டுவார்கள். இரண்டுக்கும் காது பழகிப்போன அந்த அதிகாரிக்கு, இந்த அம்மாவின் நிதானம் அதிசயமாக இருந்தது. கார் நம்பர், பாலிசி நம்பர் இரண்டையும் மனப்பாடமாகச் சொல்லி முடித்திருந்தார்.

"உங்களுக்கு அடி ஒண்ணும் இல்லையே மேடம்?"

"சிராய்ப்புகூட இல்ல தம்பி. காருதான் பள்ளத்துல உருண்டு சப்பையாகிடுச்சு. இனிமே தேறாது."

"லைசென்ஸ் கையில இருக்கா?"

"கைப்பையில இருக்கு. இப்போ எட்டல."

"பரவாயில்ல, அப்புறம் அனுப்புங்க."

இவரிடம் நம் ஊழியர்களே பாடம் படிக்கலாம் என்று நினைத்தபடி எழுதிக்கொண்டார் அதிகாரி.

"ஒரு சந்தேகம் தம்பி. கதவை அறுக்கணும்னு தீயணைப்புக்காரங்க நிக்கறாங்க. நான்தான் ரெண்டு நிமிஷம் பொறுங்கன்னு சொல்லியிருக்கேன். அறுத்தா க்ளெய்ம் வராமப் போயிடுமா?"

"நல்லவேளை கேட்டீங்க! எங்க சர்வேயர் பாக்கற வரைக்கும் வண்டில யாரும் கை வைக்கக் கூடாது. நாளைக்குக் காலைல வந்துடுவார்."

"நாளைக்கா?" முதல் முறையாக அந்தக் குரல் தயங்கியது. "உள்ள இருக்கற எதையுமே எடுக்கக் கூடாதா?"

"ஒரு துரும்பைக்கூட எடுக்கக் கூடாது மேடம். எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்கணும்."

"சரி தம்பி, ரூல்னா ரூல்தான். ஆனா இருபது நிமிஷமா சீட் பெல்ட்ல தலைகீழாத் தொங்கிட்டிருக்கேன். என்னை மட்டுமாவது வெளிய எடுக்கச் சொல்லட்டுமா?"