ஏழு குழாய்கள்

என் இதயத்தின் பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்ட பிறகு, பக்கத்தில் தானாக முளைத்த ஏழு சின்னக் குழாய்கள்தான் பல வருடம் என்னை உயிரோடு வைத்திருந்தன. ஆஞ்சியோ படத்தில் மூன்றாவது குழாய் தூண்டில் முள்போல் வளைந்திருக்கும்.

பைபாஸுக்கு முந்தின நாள் தம்பி வந்தான். என் நெஞ்சில் கை வைத்து, "சரியாயிடும்ணா" என்றான். அதற்குப் பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆறே மாதத்தில் மறுபடி வலி. ஆஞ்சியோ படத்தை டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

"புதுசா வச்ச குழாய் அடைச்சிருக்கு. பழைய சின்னக் குழாய்ங்க இருந்தா சமாளிச்சிருக்கலாம். ஒண்ணுகூட இல்ல."

"எங்க போச்சு?"

"வேலை இல்லேன்னா சுருங்கும். இப்படிச் சுவடே இல்லாமப் போகாது."

பழைய படத்தை டெக்னீஷியன் திறந்தார். ஏழும் இருந்தன, அந்த வளைவும் இருந்தது.

"இதுதான் என்னோடது" என்றேன்.

"இல்ல சார், ஒரே இனிஷியல், ஃபைல் மாறிடுச்சு. இது போன வாரம் எடுத்தது."

திரையின் ஓரத்தில் தம்பியின் பெயர் இருந்தது.

"இவருக்கும் அடைப்புதான்" என்றார் டாக்டர். "இந்தக் குழாய்ங்க இருக்கிறதால ஆபரேஷனே வேணாம்னு அனுப்பிட்டோம். எப்படி இவ்வளவு நல்லா வளர்ந்துச்சுன்னு கேட்டேன். அண்ணன் குடுத்ததுன்னு சிரிச்சாரு."