பிரிக்காத மைசூர்பாகு

பெருமுக்கல் மலை தெரிகிற சுகாதார நிலையத்தில் புதன்கிழமைத் தடுப்பூசி முடியப்போகிறது. ஜன்னல் வழியே வரும் மதிய வெயில், மேசைமேல் நூல் பிரிக்காத மைசூர்பாகு பெட்டியில் விழுகிறது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் மூத்த நர்ஸ் காந்திமதி வாங்கி வந்தது. சம்பளம் வந்தால் இனிப்பு. ஆனால் கடைசி ஆளுக்கும் வந்த பிறகுதான் பெட்டியைப் பிரிப்பது இங்குள்ள நர்சுகளின் வழக்கம். டாக்டரைத் தவிர எல்லாரும் பெண்கள். கண்ணாடி போட்ட பெரியவர்கள் நிரந்தரம், போடாத சின்னவர்கள் ஒப்பந்தம். சின்னவர்களுக்கும் அதே ஊசி வேலை, அதே வெயில். சம்பளம் மட்டும் பாதி, அதுவும் பிந்தித்தான் வரும். “எறும்பு வந்துடப் போவுது, நீங்க பிரிங்கக்கா,” என்கிறாள் ஒப்பந்தத்தில் இருக்கும் புனிதா, அழும் குழந்தையின் தொடையில் பஞ்சை அழுத்தியபடி. “உன்து வராம எப்பிடிடி பிரிக்கிறது? கம்முனு வேலயப் பாரு,” என்கிறாள் காந்திமதி.

மேசையில் புனிதாவின் போன் அதிர்கிறது. அவளுக்குக் கை ஒழியவில்லை. காந்திமதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, போனைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறாள். “வந்துடுச்சிடி!” குழந்தையின் அம்மாவும் சேர்ந்து சிரிக்கிறாள். நூல் அறுகிறது. ஸ்பிரிட் வாசனையை மீறி நெய் மணக்கிறது. உள்ளே நெருக்கமாகத் துண்டுகள், எல்லாம் ஒரே அளவு.