முதலில் பார்த்தவன்

"மூணு வருஷம் துக்கமா? அதுவரைக்கும் எம் பொண்ணு காத்துக் கிடக்கணுமா?" லியெனின் அம்மா வாசலிலேயே கத்தினாள்.

அடுத்த வாரம் கல்யாணம். மாப்பிள்ளை காங் துக்கத்துக்குக் கட்டும் வெள்ளைத் துணியைக் கையில் பிடித்தபடி நின்றான். இன்னும் தலையில் கட்டவில்லை.

"மூத்த மகன் நான்தானே அத்தை? நான் கட்டாம வேற யாரு கட்டுவா?"

"நேத்து வரைக்கும் நீ அநாதை. இன்னிக்கு எங்கேர்ந்துடா முளைச்சாரு அப்பா?"

"விடியக்காலையில கரை ஒதுங்கியிருந்தாரு. உயிர் இல்ல. முதல்ல பார்த்தது நான்."

"பார்த்தும் பார்க்காத மாதிரி வந்திருக்க வேண்டியதுதானே!"

"அப்படிப் பேசாதேம்மா," என்றாள் லியென். "அன்னிக்குப் புயல்ல அவர் படகைத் தாங்கலேன்னா நம்ம அப்பா வீடு திரும்பியிருப்பாரா?"

அம்மாவின் குரல் இறங்கியது. "சரி, துணியைக் கட்டாதே. கட்டினாத்தானே துக்கம் ஆரம்பிக்கும்? அதுக்குள்ள இன்னிக்கே கல்யாணத்தை முடிச்சிடுவோம். ரெண்டு பேரும் மாமனார் முகத்துக்கு நேரா மண்டியிட்டுக் கும்பிடுங்க, போதும்."

கடற்கரையில் ஊரே ஊதுபத்தியோடு கூடியிருந்தது. சிவப்புக் கல்யாண உடையில் வந்த லியென் தயங்கினாள்.

"முகம் எந்தப் பக்கம்மா?"

மூன்று படகு நீளத்துக்கு மணலில் கிடந்தார் மாமனார். செத்து ஒதுங்கும் திமிங்கலத்தை முதலில் பார்ப்பவன்தான் அதற்கு மூத்த மகன் என்பது அந்த வியட்நாம் கரையின் வழக்கம்.

இருவரும் அந்தப் பெரிய கண்ணருகே மண்டியிட்டு வணங்கினார்கள். எழுந்ததும் காங்கின் கையிலிருந்த வெள்ளைத் துணியை வாங்கி, அத்தையே அவன் தலையில் கட்டிவிட்டாள்.

"இப்ப அழு மாப்பிள்ளே. உங்கப்பாதான்."