சாப்பாட்டு ஜெபம்

"ஏசப்பா, எங்க அக்காவை மன்னிச்சிருங்க. அப்பாவோட ஷேவிங் பிளேடால பென்சில் சீவினது அவதான்."

மதியச் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவள் ஆறு வயது யூஸ்தினா. அவள் அம்மா நபீலா திடுக்கிட்டு ஒரு கண்ணைத் திறந்தாள். எதிரே அப்பா வஜ்தியும் ஒரு கண்ணைத் திறந்திருந்தான். இரண்டு கண்களும் சந்தித்த வேகத்தில் இரண்டும் மூடிக்கொண்டன.

காட்டிக்கொடுக்கப்பட்ட பத்து வயது வெரீனா மறுக்கவில்லை, தங்கையை முறைக்கவும் இல்லை. 'ஆமென்' என்றுவிட்டு, அவித்த மொச்சையில் நிதானமாக எலுமிச்சை பிழிந்துகொண்டாள்.

கெய்ரோவில், ஷுப்ராவின் அந்த நாலாவது மாடி வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. வஜ்தியின் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம். நபீலா வழக்கம்போல எல்லோரையும்விட உரக்கப் பாடினாள். வஜ்தி தன் பக்கத்து ஆட்களிடம், "பிசாசை விரட்ட அபூனா எதுக்கு? இவ பாட்டே போதும்" என்று சொல்லித் தொலைத்தான். கோயிலே சிரித்தது. தொட்டியருகே குழந்தையோடு நின்ற குரு, அபூனா சரபாமோன், தாடிக்குள் சிரித்ததையும் நபீலா பார்த்துவிட்டாள்.

அன்றோடு அவள் பாட்டை நிறுத்தினாள். பேச்சையும் நிறுத்தினாள். மனத்தாங்கலை வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கக் கூடாது என்பதால் நோன்பு ஞாயிறுகளில் இருவரும் பீடத்தின் பக்கமே போகவில்லை. பெண்கள் பக்கம் அவளும் ஆண்கள் பக்கம் அவனுமாக, ஆளுக்கொரு தூணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூடப் பிள்ளைகள்தான் தூது.

மறுநாள் ஜெபம் வெரீனாவின் முறை. தங்கை பால்கனியிலிருந்து வாத்தியார் தலையில் தண்ணீர் ஊற்றியது ஆண்டவருக்குத் தெரிவிக்கப்பட்டது. அதற்கும் மறுநாள் அம்மாவே மாட்டிக்கொண்டாள். அப்பாவின் சட்டைகளை வேண்டுமென்றே கசக்கி மடித்து வைத்தாளாம். அது உண்மைதான். வஜ்தி தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

நபீலா கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அபூனாவிடம் போய் முறையிட்டாள். ஜெபம் என்ற பெயரில் வீட்டுக் குப்பையை எல்லாம் பரலோகத்தில் கொட்டுகிறார்கள் என்றாள். பிள்ளைகள் கடவுளோடு பேசும்போது பெரியவர்கள் குறுக்கே போகக் கூடாது என்று அவர் தாடியை நீவினார். அந்த நேரத்தில் வஜ்தியும் மேசையில் இருக்கிறானா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் யூஸ்தினா கைகூப்பினாள்.

"ஏசப்பா, எங்க அப்பாவை மன்னிச்சிருங்க. அம்மா பாடினதை போன்ல பிடிச்சு வச்சுக்கிட்டு மொட்டை மாடியில தனியா உக்காந்து கேக்குறாங்க. கேட்டுட்டு அழுவுறாங்க."

யாரும் 'ஆமென்' சொல்லவில்லை. நபீலா இரண்டு கண்களையும் திறந்தாள். இத்தனை நாளில் முதல்முறையாகப் புருஷனை நேராகப் பார்த்தாள்.

"நிஜமா?"

வஜ்தி மகளைப் பார்த்தான். பிறகு மனைவியின் நனைந்த கண்களைப் பார்த்தான். மேசைமேல் கிடந்த போனை எடுத்து மெல்லச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

"ஆமா" என்றான். "நாலு பேர் சிரிக்கணும்னு அன்னிக்கு உன்னை வித்துட்டேன் நபீலா. தப்புதான்."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"தட்டை நீட்டு வஜ்தி. ஆறிப்போகுது."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் நற்கருணை வாங்கினார்கள். நபீலா பாடினாள், மற்றவர்களுக்கு அரைத் தாளம் முன்னால், முன்பைவிட உரக்க. ஆண்கள் பக்கத்தில் எவனோ தோள் குலுங்கச் சிரித்தான். வஜ்தி திரும்பி முறைத்த முறைப்பில் அவன் அடங்கிவிட்டான்.

பூசை முடிந்து அபூனா வாசலில் நின்று பிள்ளைகளுக்கு ஆசீர்வதித்த ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா தங்கை இருவருக்கும் மட்டும் இரண்டிரண்டாகக் கொடுத்துக் கண்ணைச் சிமிட்டினார். யூஸ்தினா அவர் அங்கியைப் பிடித்திழுத்துக் குனியவைத்துக் காதோடு சொன்னாள்:

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி ஜெபத்துல உண்மையைத்தான் சொன்னோம் அபூனா, அந்த போன் மட்டும் நாங்களா சேத்த பொய்."