திரை வேண்டாம்

திரை வேண்டாம் என்று அவள் கட்டளை வரியில் சொன்னாள்.

ஸ்கிரிப்ட் திரையைத் தேடிக் கிளம்பியது.

காதுக்குள் குரல் வாசித்தது. திரைக்கான நிரல் நூலகம் இல்லை. பில்ட் நிறுத்தப்பட்டது.

மறுபடி அடித்தாள். வித்தவுட் ஸ்கிரீன். எழுத்துப் பிசகு எதுவும் இல்லை.

மறுபடி தேடியது. மறுபடி நின்றது.

அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கணினி வாசிக்கும், அவள் கேட்பாள். மேசையில் மானிட்டர் கிடையாது. சேர்ந்த வாரமே கழற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள். வைத்துக்கொண்டு என்ன செய்ய, காலண்டர் மாட்டவா.

எழுதிய வரிகளை ஓடும் புரோகிராமாகத் தொகுக்கும் இந்த பில்டுக்கு மட்டும் அது புரியவில்லை.

பம்புசெட் மோட்டாரைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருள். அதில் அவள் ஒரு வரி மாற்றினாலும், பக்கத்து சீட் கதிரவேல்தான் திரையுள்ள தன் மெஷினில் பில்ட் செய்து கொடுக்க வேண்டும். கொடுப்பான். முகம் சுளிப்பானா தெரியாது. நாற்காலியைத் தள்ளும் சத்தத்தில் சுளிப்பு இருக்கும்.

அதைக் காரணம் காட்டித்தான் டீம் லீட் கனகசபாபதி அவளை மூன்றாம் மாடிக்கு அனுப்பப் பார்த்தார். ஆவணப் பிரிவு. மற்றவர்கள் எழுதும் புரோகிராமுக்கு உதவிக் குறிப்பு எழுதும் வேலை. திங்கட்கிழமையிலிருந்து.

வேண்டாம் என்று நேரில் சொன்னாள். நல்லதுக்குத்தானுங்க சொல்றோம் என்றார்.

வேண்டாம் என்று மெயிலில் எழுதினாள். ஒத்துழைப்புக்கு நன்றி என்று பதில் வந்தது, புது சீட் எண்ணோடு.

இன்று வெள்ளிக்கிழமை.

ஸ்கிரிப்டைத் திறந்தாள். கட்டளை வரியில் சொல்லப்படும் விருப்பங்களைக் கவனிக்க, யாரோ எப்போதோ எழுதிவைத்த மேக்ரோ. சின்னக் கட்டளைத் தொகுப்புதான். நிதானமாகக் கேட்டாள்.

திரையைப் பற்றி ஏதாவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் திரையைச் சேர். சொல்லவில்லையா? அப்போதும் சேர்.

என்ன சொன்னார்கள் என்று பார்க்கும் வரி எங்கேயும் இல்லை.

வேண்டும் என்றாலும் சொன்னதுதான். வேண்டாம் என்றாலும் சொன்னதுதான். அவளுடைய ‘நோ’ உள்ளே வந்து பத்திரமாக உட்கார்ந்திருந்தது. ஏனென்று கேட்க ஆளில்லை.

கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவர் இப்படித்தான். போதும் என்று இலைமேல் கையை நீட்டினால், நீட்டிய கையைச் சுற்றி ஊற்றிவிட்டுப் போவார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. கைக்கு வேலை கொடுக்கிற நல்ல கோபம்.

மேக்ரோவை அடியோடு அழித்தாள். புதிதாக எழுதினாள்.

வேண்டும் என்றால் தேடு, கிடைக்காவிட்டால் நில். ஒன்றுமே சொல்லாவிட்டால், இருந்தால் எடுத்துக்கொள், இல்லையென்றால் பேசாமல் மேலே போ.

வேண்டாம் என்றால் தேடவே தேடாதே.

ஓட்டினாள். பிழை, கோப்பின் கடைசி வரியில் என்றது குரல். எங்கே ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டாலும் இந்த மேக்ரோ மொழி கடைசி வரியைத்தான் கைகாட்டும். முதலிலிருந்து கேட்டாள். அடைப்புத் திற. அடைப்புத் திற. மூடு. கண்கள் தாண்டிப் போகிற இடத்தில் குரல் தாண்டாது. நடுவில் ஒரு மூடு குறைந்தது. போட்டாள்.

மறுபடி சொன்னாள், திரை வேண்டாம்.

திரை, இல்லை என்றது குரல்.

நிற்கவில்லை.

மோட்டார், சரி. வோல்டேஜ், சரி. தண்ணீர் மட்டம், சரி. கோப்பு கோப்பாக ஓடியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பில்ட் முடிந்தது.

அவள் மெஷினில். அவள் கையால்.

மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். கொஞ்சம் பலமாகத்தான் விழுந்தது. விழட்டும்.

எழுதியதை டீமின் பொது சர்வரில் ஏற்றினாள். கதிரவேல் அதை இறக்கி ஓட்டிப் பார்த்தான். நாற்காலி சத்தமே இல்லாமல் திரும்பியது.

“சார், இங்க வாங்க. திரை இல்லாமயே பில்ட் ஆகுது. கெணத்துமேட்டு மோட்டார் பெட்டியில ஏது திரை? அதுக்கும் இதையே போட்டுக்கலாம்.”

செருப்புச் சத்தம் அவள் மேசையருகே வந்து நின்றது.

“ஏம்மா, நீங்க பண்ணுனதா?”

அவள் இயர்போன் வயரைப் பிடுங்கினாள். அவளுக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்த குரல் ஹால் முழுக்கக் கேட்டது. அவள் எப்போதும் வைத்துக்கொள்ளும் வேகம். ஒரு சொல்லின் வாலைப் பிடிப்பதற்குள் அடுத்த வரி போய்விடும்.

கனகசபாபதி குனிந்து கேட்டார். இன்னும் குனிந்தார்.

“ஒண்ணுமே புரியலீங்களே.”

“எனக்குப் புரியுது சார்.”

குரல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நகரவில்லை.

பிறகு அவர் தள்ளிப் போய்ப் போனில் பேசுவது கேட்டது.

“அந்த மூணாவது மாடி சீட்டுப்பா. அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க.”

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள்.

“இல்லப்பா. வேண்டாம்னா வேண்டாம்தான்.”

அவள் இயர்போனை மாட்டிக்கொண்டாள். அதே ஸ்கிரிப்டிடம் பிரிண்டர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கப்படாதவர்கள் இன்னும் பாக்கி இருந்தார்கள்.