கால் சுற்று

"சார், இதுல யாரோ வேணும்னே கை வச்சிருக்காங்க. வீட்டுக்கு யாராவது வந்துட்டுப் போனாங்களா?"

ரெக்கார்டு பிளேயரைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு மெக்கானிக் கேட்டார். லிப்ட் இல்லாத மூன்று மாடி, இந்த மாதத்தில் மூன்றாவது தடவை. முழங்கால் இரண்டும் விட்டுப் போயிருந்தன.

முதல் தடவை பெல்ட்டை மாற்றினார். இரண்டாம் தடவை மோட்டாருக்கு எண்ணெய் விட்டார். என்ன செய்து என்ன? நாலே நாளில் தட்டு மறுபடி நொண்டியடித்தது. அதில் பதிந்த வயலின்கள் பல்வலி வந்தவர் மாதிரி முனகின.

அதனால் போன தடவை, வேகத்தைச் சரியாக வைத்த கையோடு, அடியில் இருக்கும் வேகத் திருகில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டுப் போயிருந்தார். இன்று அந்தப் புள்ளி நேர் எதிர்ப்பக்கம் நின்றது.

"பாருங்க, முழுசா அரைச் சுத்து குறைச்சிருக்கு. திருகு என்ன, கால் முளைச்சு நடந்தா போகும்?"

வீட்டுக்காரர் டிரம் வாசிப்பவர். அவர் மனைவி பாடகி. பின்னணி இசை மட்டும் பதிந்த தட்டுகளை ஓடவிட்டு, அவர் வாசிக்க அவள் பாட, முப்பது வருஷம் மேடையேறிய ஜோடி. மூன்று வருஷ இடைவெளிக்குப் பிறகு, வருகிற சனிக்கிழமை ஒரு மேடை கிடைத்திருந்தது.

டிரம்காரர் சமையலறைப் பக்கம் காது கொடுத்தார். பாத்திரச் சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"நான்தான் தம்பி குறைச்சேன். வேகம் குறைஞ்சா சுருதியும் இறங்குதில்ல? அவளுக்கு இப்பல்லாம் மேல எட்ட மாட்டேங்குது. தெரிஞ்சா மனசு உடைஞ்சு பாடுறதையே விட்டுடுவா."

மெக்கானிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அட கடவுளே! அப்புறம் எதுக்கு சார் என்னை மாடி ஏற வைக்கிறீங்க?"

"நான் குறைக்கிறது கால் சுத்துதான். அதுவா இன்னும் இறங்கித் தொலையுது. இந்த லட்சணத்துல சனிக்கிழமை மேடையேறினா மானம் போயிடும் தம்பி."

அதைக் கேட்டதும் கோபம் போய்ப் பாவமாக இருந்தது. பழைய திருகு, இளகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார் மெக்கானிக். சரியான வேகத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கால் சுற்று மட்டும் குறைத்து வைத்தார்; அம்மாவிடம் மூச்சு விடுவதில்லை என்று வாக்கும் கொடுத்தார். டிரம்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த விரல்கள் விறைத்துப்போய் இருந்தன.

மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினார். ஒரு மாடி இறங்குவதற்குள் பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்டது.

"தம்பி, ஒரு நிமிஷம்!" பாடகியம்மா மூச்சு வாங்க இறங்கி வந்தாள். "ஸ்பீடு இப்போ சரியா வச்சாச்சா?"

"கச்சிதமா வச்சாச்சும்மா. இனிமே கவலையே இல்லை." கூசாமல் பொய் சொன்னார் மெக்கானிக். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே.

அவள் முகம் வாடிப் போனது. மேலே கதவு மூடியிருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு, கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள்.

"அப்போ நான் மறுபடியும் கால் சுத்து குறைக்கணும், பாவம், அவருக்கு விரல் ஓட மாட்டேங்குது!"